99 சதவீதத்துல நின்னு போன டிவிடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, வீட்டு பீரோவுல கிடக்கிற கல்யாண டிஸ்க், காதுகுத்து டிஸ்க் எல்லாத்தையும் ஒரு தடவ எடுத்து ஓட்டிப் பாருங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. முக்காவாசி ஒரே மாதிரிதான், கன்வெர்ட் பண்ணேன் எரர் வருது, ரைட் பண்ணேன் எரர் வருது, டிஸ்க் வீணாப் போச்சு. அதனால எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிட்டு கேள்விக்கு வர்றேன்.

வீடியோ டிஸ்க் போடறதுங்கிறது மூணு வேலை. வீடியோவ எம்பெக்-2வா, அதாவது டிவிடி பிளேயருக்குப் புரியற வீடியோ வகையா மாத்தறது ஒரு வேலை, மாத்தினத 'வீடியோ டிஎஸ்'னு ஒரு ஃபோல்டரா கட்டறது ரெண்டாவது வேலை, அந்த ஃபோல்டர டிஸ்க்ல எழுதறது மூணாவது வேலை. நெறைய சாஃப்ட்வேர் இந்த மூணையும் ஒரே பட்டன்ல வச்சிருக்கு, அதனாலதான் எங்க இடிச்சுதுன்னே நமக்குத் தெரியறதில்ல. நான் எப்பவும் பண்றது, முதல் ரெண்டு வேலையையும் ஹார்ட் டிஸ்க்லயே முடிச்சு ஐஎஸ்ஓ ஃபைலா (மொத்த டிஸ்க்கும் ஒரே ஃபைலா இருக்கிறது) வச்சுக்குவேன், அத விஎல்சி பிளேயர்ல போட்டு ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்துல பாத்துட்டு, அப்புறம்தான் புது டிஸ்க் கவர்லேர்ந்து வெளிய வரும். இப்படிப் பண்ணா எரர் வரும்போது எந்த வேலையில வந்துச்சுன்னு தேடவே வேண்டாம். சரி, கேள்விக்கு வருவோம்.

கேள்வி: பேத்தியோட சலங்கை பூஜைய போன்ல எடுத்தோமுங்க. அத டிவிடில காப்பி பண்ணி ஊர்ல இருக்கிற எங்கம்மாவுக்குக் குடுத்தேன், அவங்க பிளேயர்ல போட்டா 'நோ டிஸ்க்'னு வருதுங்க. கம்ப்யூட்டர்ல போட்டா நல்லாத்தான் ஓடுது. டிஸ்க்ல கோளாறுங்களா, பிளேயர்ல கோளாறுங்களா?
ஈரோடு வாசகி

பதில்: ரெண்டுலயும் கோளாறு இல்லம்மா. நீங்க போட்டது டேட்டா டிஸ்க். அதாவது பென் டிரைவ்ல காப்பி பண்ற மாதிரி எம்பி4 ஃபைல அப்படியே டிஸ்க்ல வச்சிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு அது போதும், உங்கம்மா வீட்டு பிளேயருக்குப் போதாது. பழைய டிவிடி பிளேயர் பெரும்பாலும் எம்பெக்-2 வீடியோவத்தான் எதிர்பாக்கும், அதுவும் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டருக்குள்ள விஓபி, ஐஎஃப்ஓ, பியூபின்னு மூணு வகை ஃபைலா இருக்கணும், படம் நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) கணக்குப்படி 720க்கு 576 அளவுல, செகண்டுக்கு 25 ஃபிரேம் இருக்கணும், சவுண்டு 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கணும். இதுல எது தப்பினாலும் சில பிளேயர் திணறும், சிலது டிஸ்க்கே இல்லன்னு சொல்லிடும்.

இன்னொண்ணும் நடந்திருக்கலாம். வெறும் டிஸ்க் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேக்கும், யூஎஸ்பி டிரைவ் மாதிரி வேணுமா, சிடி டிவிடி பிளேயர்ல ஓடற மாதிரி வேணுமான்னு. எல்லாரும் மொதல்ல இருக்கிறத அமுக்கிடறாங்க. அது வேற மாதிரி ஃபார்மட், வெளி பிளேயர் பலதும் அதப் படிக்காது. ரெண்டாவதத் தேர்ந்தெடுத்தாலும் எம்பி4 எம்பி4ஆவேதான் இருக்கும், அது தானா எம்பெக்-2வா மாறிடாது, இதயும் ஞாபகம் வச்சுக்கங்க.

டிவிடிஸ்டைலர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பால் தேர்ந்தெடுத்து, வீடியோவ இழுத்துப் போட்டு, வெளிய வர்றத ஐஎஸ்ஓவா சேவ் பண்ணுங்க. அப்புறம் விண்டோஸ்லயே ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணா டிஸ்க்ல எழுதற ஆப்ஷன் வரும். விண்டோஸ் 7ல டிவிடி மேக்கர்னு கூடவே ஒண்ணு குடுத்தாங்க, ரொம்ப சுலபமா இருந்துச்சு, விண்டோஸ் 8லேர்ந்து அத எடுத்துட்டாங்க. அதத் தேடி எங்கேர்ந்தாவது டவுன்லோட் பண்ணாதீங்க.

கேள்வி: அண்ணாச்சி, இங்க சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கேன். லேப்டாப்ல டிரைவ் இல்ல, அதனால வெளிய மாட்டுத யூஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கினேன். டிஸ்க் எழுதுத இம்ஜ்பர்ன் சாஃப்ட்வேர்ல ரைட் குடுத்தா 'பவர் கேலிப்ரேஷன் ஏரியா எரர்'னு வந்து நிக்கி. சில நேரம் 'செமஃபோர் டைம்அவுட்'ங்கு. ஒரு வாரத்துல 11 டிஸ்க் போச்சு. ரைட்டர மாத்தணுமா?
திருநெல்வேலி வாசகர்

பதில்: மாத்தாதீங்க, இன்னும் ரெண்டு நாள் பொறுங்க. இந்த எரர் என்னன்னு புரிஞ்சா உங்களுக்கே வழி தெரிஞ்சிடும். ஒவ்வொரு கம்பெனி டிஸ்க்லயும் உள்ள பூசியிருக்கிற சாயம் வேற வேற, அதுல எழுத எவ்ளோ லேசர் பவர் வேணும்ங்கிறதும் வேற வேற. அதனால எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிரைவ், டிஸ்க்கோட உள் ஓரத்துல இருக்கிற ஒரு சின்ன இடத்துல கொஞ்சம் எழுதிப் பாக்கும், புதுப் பேனா வாங்கினா ஓரத்துல கிறுக்கிப் பாப்போம்ல, அப்படி. அந்த இடத்துக்குப் பேருதான் பவர் கேலிப்ரேஷன் ஏரியா. எத்தன தடவ கிறுக்கியும் சரியான பவர் கிடைக்கலன்னா இந்த எரரப் போட்டுட்டு நின்னுடும். ஆக காரணம் மூணுல ஒண்ணு. லேசருக்குப் போற கரண்டு பத்தல, லேசர் மேல தூசி இல்லன்னா லேசர் வயசாயிடுச்சு, அதுவும் இல்லன்னா டிஸ்க் மட்டம்.

உங்க கேஸ்ல செமஃபோர் டைம்அவுட்டும் சேந்து வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதான் எனக்கு முக்கியமாப் படுது. அந்த மெசேஜுக்கு அர்த்தம், கம்ப்யூட்டர் கேட்டதுக்கு டிரைவ் நேரத்துக்குப் பதில் சொல்லலங்கிறது. ரெண்டும் சேந்து வந்தா நான் மொதல்ல சந்தேகப்படறது யூஎஸ்பி கேபிளையும் கரண்டையும்தான். யூஎஸ்பி 2.0 போர்ட் குடுக்கிறது 500 மில்லி ஆம்ப், 3.0 போர்ட்னா 900. வெளிய மாட்டற ஸ்லிம் ரைட்டருக்குத் தனியா அடாப்டர் கிடையாது, படிக்கும்போது சமாளிச்சுடும், எழுத ஆரம்பிக்கிற நிமிஷம் மோட்டாரும் லேசரும் சேந்து இழுக்கும், அங்கதான் மூச்சு வாங்கும். ஹப் வழியா மாட்டியிருந்தா எடுத்துடுங்க. நீளக் கேபிள் போட்டிருந்தா கூட வந்த குட்டிக் கேபிளயே போடுங்க. லேப்டாப்ப சார்ஜர்ல போட்டுட்டு எழுதுங்க. ரெண்டு யூஎஸ்பி முனை இருக்கிற ஒய் கேபிள்னு கடையில கிடைக்கும், ரெண்டையும் மாட்டினா ரெண்டு போர்ட்லேர்ந்தும் கரண்டு எடுத்துக்கும்.

இதெல்லாம் பண்ணியும் வந்தா, அடுத்தது டிஸ்க். ஒரே கட்டுலேர்ந்து 11 போயிருக்குன்னா அந்தக் கட்ட ஓரமா வைங்க, வேற பிராண்டுல அஞ்சே அஞ்சு மட்டும் வாங்கிப் பாருங்க, 50 கட்டு வேண்டாம். இம்ஜ்பர்ன் ஜன்னல்ல வலது பக்கம் டிஸ்க் ஐடின்னு ஒண்ணு காட்டும், அட்டையில என்ன பேரு போட்டிருந்தாலும் உள்ள யாரு தயாரிச்சதுன்னு அதுலதான் தெரியும், ஒத்து வந்த டிஸ்க்கோட ஐடிய ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க. ஸ்பீடும் முக்கியம். 16எக்ஸ்னு போட்ட டிஸ்க்க 16லயே எழுதினா வெளி ஓரம் சொதப்பும், அதுக்குன்னு ரொம்பக் கீழயும் போகாதீங்க. 'மெதுவா எழுதினா நல்லா வரும்'னு எல்லாரும் சொல்வாங்க, அது பழைய சிடி காலத்துப் பேச்சு. இப்போதைய டிஸ்க்கோட சாயம் நடு ஸ்பீடுக்கு ஏத்த மாதிரி வர்றது, 16எக்ஸ் டிஸ்க்குக்கு 8 வைங்க, ஸ்லிம் டிரைவா இருந்தா 6.

நீங்க ஸ்டுடியோ வச்சிருக்கிறதால இதயும் சொல்றேன். வெரிஃபைங்கிற டிக்க, அதாவது எழுதினது சரியா இருக்கான்னு திரும்பப் படிச்சுப் பாக்கிறத, எடுத்துடாதீங்க, டிஸ்க்குக்கு இன்னும் அஞ்சாறு நிமிஷம் கூட ஆகும், ஆனாலும் எடுக்காதீங்க. பல வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு 40 காப்பி போட்டேன், மலிவா ஒரு கட்டு கிடைச்சுது, முகூர்த்த சீசன், நேரம் இல்லன்னு வெரிஃபை பண்ணாம, மேல ஃபோட்டோ ஸ்டிக்கரும் ஒட்டிக் குடுத்துட்டேன். ஒரு மாசத்துல 15 திரும்பி வந்துச்சு, எல்லாமே கடைசி 20 நிமிஷத்துல கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்குது. அந்தக் கடைசி 20 நிமிஷத்துலதான் பொண்ணு வீட்டுக்காரங்க வழியனுப்பறது இருந்துச்சு. அந்தப் பொண்ணோட அப்பா கடைக்கு வந்து அந்த இடத்த எனக்கு ஓட்டிக் காமிச்சாரு, திட்டக்கூட இல்ல. அன்னையிலேர்ந்து ஸ்டிக்கரும் கிடையாது, வெரிஃபை பண்ணாத டிஸ்க்கும் கிடையாது. ஸ்டிக்கர் டிஸ்க்கோட சமநிலையக் கெடுக்கும், நாளாவட்டத்துல ஓரம் சுருண்டு டிஸ்க்கயே வளைக்கும். மார்க்கர் பேனாவால எழுதுங்க, பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

கேள்வி: அண்ணை, தங்கச்சியின்ர கலியாணம் போன வருசம் யாழ்ப்பாணத்தில நடந்தது. அங்க வீடியோ எடுத்த ஆக்கள் தந்த டிவிடியை இஞ்ச கொண்டு வந்து அம்மாவின்ர பிளேயரில போட்டா படம் கறுப்பு வெள்ளையா உருண்டு கொண்டே போகுது. கொம்பியூட்டரில நல்லா ஓடுது. அதை அப்பிடியே இன்னொரு டிஸ்க்கில எழுதியும் பாத்திட்டன், அதே பிழைதான்.
ரொறன்ரோவில இருந்து ஒரு வாசகர்

பதில்: எத்தன டிஸ்க்ல எழுதினாலும் அதேதான் வரும், ஏன்னா டிஸ்க் சரியா இருக்கு. இலங்கையும் இந்தியாவும் பால் முறை, கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறை. பால்னா செகண்டுக்கு 25 ஃபிரேம், 576 வரி. என்டிஎஸ்சின்னா 29.97 ஃபிரேம், 480 வரி. நம்ம பக்கம் விக்கிற பிளேயருங்க பெரும்பாலும் ரெண்டையும் ஓட்டிடும், உங்க பக்கத்துப் பிளேயர் டிவிங்க பலதும் பால் சிக்னல எடுத்துக்காது, கறுப்பு வெள்ளையா உருள்றது அதோட அடையாளம்தான். இது ரீஜன் கோடு (எந்த நாட்டுல ஓடலாம்னு டிஸ்க்ல வைக்கிற பூட்டு) பிரச்சனைன்னு சிலர் சொல்வாங்க, இல்ல, வீட்டுல ஸ்டுடியோல போடற டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது, அது கம்பெனி படங்களுக்கு மட்டும்தான்.

முடிஞ்சா அந்த வீடியோக்காரங்ககிட்ட டிவிடிக்கு முன்னாடி இருந்த ஒரிஜினல் ஃபைல கேளுங்க, பெரிய ஃபைலா இருந்தாலும் பரவால்ல, அதுலேர்ந்து என்டிஎஸ்சி டிவிடி போட்டா படம் தெளிவா இருக்கும். அது கிடைக்கலன்னா இருக்கிற டிவிடிய கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி, டிவிடிஸ்டைலர்ல என்டிஎஸ்சின்னு வச்சு திரும்பக் கட்டுங்க, ஆட்கள் வேகமா நடக்கிற இடத்துல லேசா ஒரு இழுவை தெரியும், அத முழுசாத் தவிர்க்க முடியாது. அம்மா வீட்டு டிவியில யூஎஸ்பி ஓட்டை இருக்கான்னும் பாத்துடுங்க. இருந்தா எச்.264 எம்பி4ஆ மாத்தி பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, அந்த வழியில பால் என்டிஎஸ்சி தொல்லை பெரும்பாலும் வராது.

கேள்வி: 4.7 ஜிபி டிஸ்க்னு போட்டிருக்கு, என்னோட ஃபைல் 4.5 ஜிபிதான், இடம் பத்தலன்னு சொல்லுது. ஏமாத்தறாங்களா? இதுல மூணு மணி நேர நிச்சயதார்த்தத்த எப்படி அடக்கறது?
தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஏமாத்தல சார், ரெண்டு பேரும் வேற வேற தராசுல நிறுக்கறாங்க. டிஸ்க் கம்பெனி 1 ஜிபிய 100 கோடி பைட்னு எண்ணுது, விண்டோஸ் 1024 பெருக்கல் கணக்குல எண்ணுது. கம்பெனியோட 4.7 விண்டோஸுக்கு 4.37தான். ரெண்டு அடுக்குல எழுதற டபுள் லேயர் டிஸ்க் 8.5ன்னு போட்டிருக்கும், விண்டோஸ்ல 7.9 சொச்சம். அதனால விண்டோஸ்ல பாக்கும்போது ஃபோல்டர் 4.3ஐத் தாண்டாம பாத்துக்கங்க.

மூணு மணி நேரத்த அடக்க ஒரு சுலபக் கணக்கு இருக்கு, நான் எப்பவும் இதத்தான் போடுவேன். 600ஐ நிமிஷத்தால வகுங்க, வர்றதுதான் நீங்க வைக்க வேண்டிய பிட்ரேட், அதாவது ஒரு செகண்டு வீடியோவுக்கு ஒதுக்கற தகவல் அளவு, செகண்டுக்கு மெகாபிட்ல, சவுண்டயும் சேத்து. 120 நிமிஷம்னா 5, நல்லா இருக்கும். உங்க 180 நிமிஷத்துக்கு 3.3 வரும், சுமாரா இருக்கும், கூட்டமா ஆட்கள் ஆடற இடத்துல கட்டம் தெரியும். 60 நிமிஷம்னா 10 வருதேன்னு அப்படியே வச்சுடாதீங்க, டிவிடில வீடியோவுக்கு உச்ச அளவே 9.8தான், அதுக்குப் பக்கத்துல போனா பழைய பிளேயர் திக்கும், 8ஐத் தாண்டாதீங்க. சவுண்ட ஏசி3ல (சுருக்கின சவுண்டு) வைங்க, சுருக்காத பிசிஎம்ல வச்சா அதுவே 1.5 மெகாபிட்ட முழுங்கிடும்.

என்னைக் கேட்டா மூணு மணி நேரத்த ரெண்டு சாதா டிஸ்க்ல பிரிச்சுப் போடுங்க. டபுள் லேயர்ல போட்டா லேயர் மாறற இடத்துல சில பிளேயர் ஒரு செகண்டு நின்னு போகும், சிலது அங்கயே நின்னுடும், டிஸ்க் விலையும் அதிகம். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு பிரிச்சா பாக்கறவங்களுக்கும் சௌகரியம்.

கேள்வி: கன்வெர்ட் பண்ணதும் பாட்டு ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போகுது. ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக அதிகமாகுது. எரர் எதுவும் வரல.
மதுரை வாசகி

பதில்: போன்ல எடுத்த வீடியோதானேம்மா? போன் ஒரே சீரா செகண்டுக்கு 30 ஃபிரேம் எடுக்காது, வெளிச்சம் கம்மியானா, போன் சூடானா 24, 27னு குறைச்சுக்கும், அப்புறம் ஏத்திக்கும். டிவிடிக்கு மாத்தற சாஃப்ட்வேர் எல்லாமே சீரா வருதுன்னு நம்பிட்டு அடுக்கும், சவுண்டு மட்டும் நிஜ நேரத்துல ஓடும், அதான் போகப் போக விலகுது. ஹேண்ட்பிரேக்னு இலவச சாஃப்ட்வேர்ல வீடியோ டேப்ல 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்'னு இருக்கும், அத வச்சு, 30ன்னு குறிச்சு, தரத்தக் கொஞ்சம் உயர்த்தி ஒரு தடவ எம்பி4ஆவே மாத்துங்க. ஹேண்ட்பிரேக் டிவிடி போடாது, இது இடைப்பட்ட வேலை மட்டும்தான். அந்தப் புது ஃபைல டிவிடிஸ்டைலர்ல குடுங்க. 30 ஃபிரேம்ல எடுத்ததுக்கு பால விட என்டிஎஸ்சியே நல்லது, இங்க இருக்கிற பிளேயர் ஓட்டிடும், படமும் வெட்டி வெட்டி வராது.

ஆரம்பத்துலேர்ந்தே ஒரே அளவு விலகி இருந்தா அது வேற, சவுண்ட முன்ன பின்ன நகத்தினா போதும், உங்களோடது அது இல்ல.

கேள்வி: எங்க அப்பா 60ஆம் கல்யாணம் 2003ல விசிடியா குடுத்தாங்க, மூணு டிஸ்க். இப்ப அத டிவிடியா மாத்தலாம்னு பாத்தா ஒரு டிஸ்க்ல டாட் (DAT) வீடியோ ஃபைல் 70 சதவீதம் காப்பியாகி 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்'னு எரர் வருது. அப்பா இப்ப இல்ல. எப்படியாவது எடுக்க முடியுமா சார்?
கும்பகோணம் வாசகி

பதில்: முடியும்னுதான் நினைக்கிறேன்மா, 70 சதவீதம் வரைக்கும் போகுதே. ஆனா திரும்பத் திரும்ப காப்பி குடுத்துப் பாக்காதீங்க, டிரைவ் அந்த இடத்துலயே சுத்தி சுத்தி டிஸ்க்கச் சூடாக்கும்.

மொதல்ல டிஸ்க்க எடுத்து டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, எழுத்து இருக்கிற பக்கம் உங்களப் பாத்து இருக்கட்டும். ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியுதா? தெரிஞ்சா அந்த இடத்துல வெள்ளிப் பூச்சு போயிடுச்சுன்னு அர்த்தம், அத யாராலயும் கொண்டு வர முடியாது. டிவிடில தகவல் இருக்கிற அடுக்கு ரெண்டு பிளாஸ்டிக் தகடுக்கு நடுவுல பத்திரமா இருக்கும், சிடியில அது மேல் பக்கத்துல வெறும் ஒரு வார்னிஷுக்கு அடியில இருக்கு, அதனாலதான் சிடிக்கு அடிப்பக்கக் கீறல விட எழுத்துப் பக்கக் கீறல் ஆபத்து. வெளிச்சம் எங்கயும் தெரியலன்னா நல்ல சேதி, அடிப்பக்கத்துல அழுக்கோ கீறலோதான். லேசா சோப்புத் தண்ணி, மெத்துன்னு பழைய காட்டன் துணி, நடுவுலேர்ந்து வெளி ஓரத்துக்கு நேர்கோடா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. தண்ணி காஞ்சதும் போடுங்க.

அடுத்தது வேற டிரைவ். இத நான் எத்தன தடவ சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, ஆனா ஒரு டிரைவ் திணறின டிஸ்க்க இன்னொரு டிரைவ் சாதாரணமா படிக்கும், நானே எத்தனையோ டிஸ்க்ல பாத்திருக்கேன். அக்கம்பக்கத்துல பழைய டெஸ்க்டாப் யாராவது வச்சிருந்தா அதுல போட்டுப் பாருங்க, பழைய பெரிய டிரைவ் இந்த விஷயத்துல கெட்டி.

அதுலயும் நின்னா, எக்ஸ்ப்ளோரர்ல காப்பி பண்றத விட்டுடுங்க. விசிடியில டாட் ஃபைல் சாதாரண ஃபைல் மாதிரி எழுதப்பட்டது கிடையாது. டேட்டா சிடியில ஒவ்வொரு செக்டார்லயும் (டிஸ்க்ல தகவல் எழுதற சின்னத் துண்டு) 2048 பைட் தகவலும், மிச்சத்துல தப்பத் திருத்திக்கிற உதவியும் இருக்கும். விசிடியில அந்த உதவிய எடுத்துட்டு 2324 பைட்டும் வீடியோவுக்கே குடுத்துட்டாங்க, அப்படித்தான் 700 எம்பி சிடியில 80 நிமிஷம் அடங்குச்சு. வீடியோவுல ஒரு புள்ளி தப்பினா கண்ணுக்குத் தெரியாதுங்கிறது அவங்க கணக்கு, ஆனா விண்டோஸ் ஒரு செக்டார் படிக்க முடியலன்னாலே மொத்தக் காப்பியையும் கைவிட்டுடும். ஐசோபஸ்டர்னு ஒரு சாஃப்ட்வேர் படிக்க முடியாத செக்டார விட்டுட்டு மிச்சத்த எடுத்துக் குடுக்கும், அந்த இடத்துல ரெண்டு செகண்டு படம் உடையும், அவ்ளோதான். இல்லன்னா விஎல்சில டிஸ்க்க ஓட விட்டு, ரெக்கார்ட் பட்டன அமுக்கி, நிக்கிற இடத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நிறுத்திடுங்க, அப்புறம் அந்த இடத்தத் தாண்டி இழுத்து விட்டு திரும்ப ரெக்கார்ட் பண்ணுங்க. அலுப்பான வேலைதான், செய்யுங்கம்மா.

எடுத்தப்புறம் டிவிடியா மாத்தும்போது ஒரு விஷயம். விசிடி படம் 352க்கு 288, எம்பெக்-1. இத 720க்கு 576ஆ பெருசாக்கினா தெளிவு கூடாது, ஃபைல்தான் பெருக்கும், திரும்பக் கன்வெர்ட் பண்றதுல இருக்கிற தெளிவும் குறையும். டிவிடி விதிமுறையே இந்த எம்பெக்-1 அளவ அப்படியே ஏத்துக்கும், இது நெறைய பேருக்குத் தெரியாது. படத்தத் தொடாம காப்பின்னு வச்சுட்டு, சவுண்ட மட்டும் 44.1லேர்ந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. 44.1 சவுண்டோட விட்டா டிவிடி கட்டற சாஃப்ட்வேர் எரர் குடுக்கும், இல்லன்னா பிளேயர்ல சத்தமே வராது. மூணு விசிடியும் ஒரே டிவிடில அடங்கிடும், இடமும் நெறைய மிஞ்சும்.

கேள்வி: ரைட் பட்டன அமுக்கினா வெறும் டிஸ்க் போடச் சொல்லுது. வெறும் டிவிடிதான் உள்ள இருக்கு!
சேலம் வாசகர்

பதில்: டிரைவ் முன்பக்கத்துல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. பழைய கம்ப்யூட்டர்ல காம்போ டிரைவ்னு வரும், டிவிடிய படிக்கும், எழுதறது சிடி மட்டும்தான். ஒருவேளை டிவிடி ரைட்டரா இருந்து, சிடி எல்லாம் படிச்சு டிவிடிய மட்டும் கண்டுக்கலன்னா, அதுல இருக்கிற ரெண்டு லேசர்ல டிவிடி லேசர் போயிடுச்சு, டிரைவ் மாத்தணும்.

கேள்வி: ஐஎஸ்ஓ ஃபைல 32 ஜிபி பென் டிரைவ்ல சேவ் பண்ணா 4 ஜிபி வந்ததும் நின்னுடுது, டிரைவ்ல 28 ஜிபி காலி.
புதுச்சேரி வாசகர்

பதில்: பென் டிரைவ் ஃபேட்32ல ஃபார்மட் ஆயிருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிய எட்ட முடியாது. உள்ள இருக்கிறத வேற இடத்துல எடுத்து வச்சுட்டு எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணுங்க. கன்வெர்ட் பண்ணும்போது சி டிரைவ்லயும் 15 ஜிபியாவது காலி வைங்க, பாதியில காரணமே சொல்லாம நிக்கிறதுக்கு இடப்பற்றாக்குறையும் ஒரு காரணம்.

இதோட சேத்து சிவகாசி வாசகர் ஒருத்தருக்கும்: உங்க எரர் ஸ்கிரீன்ஷாட்ல ஃபோல்டர் பேரு 'அக்கா வளைகாப்பு'ன்னு தமிழ்ல இருக்கு. சில பழைய கன்வெர்ட்டருங்க தமிழ்ப் பேர படிக்கத் தெரியாம 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'னு சொல்லும். இங்கிலீஷ்ல சின்னதா, நடுவுல இடம் விடாம ஒரு பேரு வச்சு, சி டிரைவ்ல நேரா ஒரு ஃபோல்டர்ல போட்டுத் திரும்ப ஓட்டுங்க. வேலை முடிஞ்சதும் அழகா தமிழ்லயே பேரு மாத்திக்கலாம்.

கேள்வி: 2008ல வாங்கின ஹேண்டிகேம், குட்டி டிவிடியில பதியும். அதுல எடுத்த நாலு டிஸ்க் இருக்கு, அதுல ஒண்ணுலதான் எங்கம்மா பேசறாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா மூணு ஓடுது, அம்மா இருக்கிற டிஸ்க் மட்டும் காலின்னு காட்டுது, ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குது. என் பையன் ஓகே குடுத்துடலாம்ங்கிறான். எனக்கு பயமா இருக்கு.
நாகர்கோவில் வாசகர்

பதில்: ஓகே குடுக்காதீங்க. டிஸ்க்க எடுத்து கவர்ல போட்டுட்டு மேல படிங்க.

டிஸ்க் காலியா இல்ல. அந்தக் கேமராவுல பதிஞ்சு முடிச்சதும் 'ஃபைனலைஸ்'னு ஒரு வேலை செய்யணும், எங்க எங்க என்ன இருக்குன்னு டிஸ்க்ல ஒரு பொருளடக்கம் எழுதற வேலை. மூணு டிஸ்க்குக்கு அத செஞ்சிருக்கீங்க, நாலாவது நிறையல, அப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டிருப்பீங்க. பொருளடக்கம் இல்லாததால கம்ப்யூட்டர் காலின்னு நினைக்குது. டிஸ்க்க சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா, நடுவ ஒட்டி ஒரு வளையம் மட்டும் கொஞ்சம் வேற நிறமா தெரியும், எழுதப்பட்ட இடம் அதுதான், அம்மா அதுலதான் இருக்காங்க.

அந்தக் கேமரா இன்னும் இருந்தா அதுலயே போட்டு ஃபைனலைஸ் குடுங்க. பேட்டரிய நம்பாதீங்க, 2008 பேட்டரி பாதியில விட்டா டிஸ்க் கெட்டுடும், பல கேமரா அடாப்டர் சொருகலன்னா ஃபைனலைஸே பண்ணாது. முடியற வரைக்கும் கேமராவ அசைக்காதீங்க. அதுக்கும் முன்னாடி, கேமராவுல டிஸ்க் ஓடுதுன்னா, மஞ்சள் சிவப்பு வெள்ளை கேபிள்ல டிவியில மாட்டி அம்மா பேசறத அப்படியே போன்லயாவது ஒரு தடவ பிடிச்சு வச்சுடுங்க, தரம் எப்படி இருந்தாலும் கையில ஒண்ணு இருக்கட்டும்.

கேமரா போயிடுச்சுன்னா, மேல கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன ஐசோபஸ்டர் இதுக்கும் உதவும், ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்ல இருக்கிற வீடியோவ நேரடியா தேடி எடுக்கும். ஆனா டிரைவ் அந்த டிஸ்க்க ஒத்துக்கணும், வெறுமன படிக்கிற டிவிடி ரோம் டிரைவ் ஒத்துக்காது, டிவிடி ரைட்டர்ல போடுங்க, ஒண்ணு ஒத்துக்கலன்னா இன்னொண்ணு. தட்டு வெளிய வர்ற டிரைவா இருக்கட்டும், தட்டு நடுவுல குட்டி டிஸ்க்குக்குன்னே ஒரு பள்ளம் இருக்கும், அதுல உக்கார வைங்க. வாய்க்குள்ள இழுத்துக்கிற மாதிரி டிரைவ்ல இந்த 8 சென்டிமீட்டர் டிஸ்க்க விட்டுடாதீங்க, மாட்டிக்கிட்டா டிரைவப் பிரிச்சாத்தான் வரும்.

கேமராவோட மாடல் நம்பரையும், டிஸ்க் மேல -ஆர், -ஆர்டபிள்யூ, +ஆர்டபிள்யூ இதுல எது போட்டிருக்குன்னும் பாத்து எழுதி அனுப்புங்க. -ஆர்டபிள்யூவா இருந்து விஆர் (வீடியோ ரெக்கார்டிங்) மோடுல பதிஞ்சிருந்தா எடுக்கிற வழி கொஞ்சம் மாறும். அத தனியாவே எழுதறேன், அதுவரைக்கும் அந்த டிஸ்க்க வேற யார் கையிலயும் குடுக்காதீங்க.